ஏழு செகண்ட் முதுகு

பதினோரு மணிக்கு வருகிறார் என்று சொல்லிவிட்டு பெனிட்டா போய்விட்டாள். இப்போது பத்தே கால். முக்கால் மணி நேரத்தில் ஒரு மனுஷன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் ஆட்டோ பிடித்து, வீட்டுக்குப் போய் வயிற்று வலி என்று படுத்துவிடலாம். வேதமூர்த்தி எழுந்திருக்கவில்லை. சாலிகிராமத்து டப்பிங் ஸ்டூடியோக்களுக்கென்றே வாய்த்த அந்த ரெக்ஸின் சோபாவில், ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிற இடத்தில், மடியில் அட்டையும் அட்டையில் தாளுமாக உட்கார்ந்திருந்தார். தாள் முழுக்க எழுதியாகிவிட்டது. நடுவில் மட்டும் நாலு விரற்கடை வெள்ளை. நாலு நாளாக அந்த வெள்ளை அப்படியே கிடக்கிறது. 'சூரியப் பாசறை' ஒன்பதாம் பாகம். இந்த வெளிநாட்டுப் படத்தை இருபத்து மூன்று வருஷமாக, ஒரு பாகம் விடாமல், இவர்தான் தமிழில் பேச வைத்துக்கொண்டிருக்கிறார். அதில் வருகிற ஆட்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்ததும் இவர்தான். தளபதி ருத்ரன். இரண்டாம் பாகத்தில் கப்பலோடு சூரியனுக்குள் விழுந்து பொசுங்கிப்போன ருத்ரன். கல்லறைக்கு எடுத்து வைக்கச் சாம்பல்கூட மிஞ்சாத ருத்ரன். அந்த ஆள் இந்த ஒன்பதாம் பாகத்தில் ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான், கொஞ்சம் நரைத்திருக்கிறது, அவ்வளவுதான். கேப்டன் வாயைப் பிளந்துகொண்டு எப்படி என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல் திரும்பி நடக்கிறான். ஏழு செகண்ட் முதுகு. இங்கிலீஷில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அத்தனை கோடி கொட்டி எடுக்கிறவனுக்கு செத்தவன் எப்படி வந்தான் என்று ஒரு வரி எழுதத் துப்பில்லை, அதற்கு சாலிகிராமத்தில் உட்கார்ந்து வேதமூர்த்தி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். "சார், ஏழு செகண்ட் இருக்கு சார். நீங்கதான் ஏதாவது போட்டு மேட்ச் பண்ணணும், உங்களுக்குத் தெரியாததா" என்றாள் பெனிட்டா. இருபத்தாறு வயசுப் பெண், இந்தப் பாகத்தின் டப்பிங்கை நடத்துகிறவள், வேலையில் சூட்டிகை, பிறக்கும்போதே காதில் ஹெட்போனோடு பிறந்திருப்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. தெரியாததா.

தெரியும், தெரியும், நன்றாகவே தெரியும். டப்பிங்கில் முகம் தெரிந்தால்தான் தொல்லை. அவன் வாய் மூடினால் இங்கேயும் மூட வேண்டும், அவன் உதடு ஒட்டுகிற இடத்தில் இங்கே ஒரு ப வர வேண்டும், ஒரு ம வர வேண்டும், இல்லாவிட்டால் தியேட்டரில் சிரிப்பான். முதுகு அப்படியில்லை. ஒருத்தன் முதுகைக் காட்டிவிட்டால் போதும், அவன் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இருபத்து மூன்று வருஷமாக வேதமூர்த்தி இந்தப் படத்தின் ஓட்டைகளை எல்லாம் முதுகுகளில்தான் அடைத்துக்கொண்டு வருகிறார். முதல் பாகத்தில் கேப்டனுடைய அம்மாவைப் புதைத்தார்கள், பாட்டெல்லாம் வைத்து. நாலாம் பாகத்தில் அதே அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட வா என்கிறாள். கேப்டன் திரும்பி நிற்கிற ரெண்டு செகண்டில் வேதமூர்த்தி போட்டார்: "இவங்க எங்க சித்தி, ஆனா அம்மான்னுதான் கூப்பிடுவேன்." தமிழ்நாட்டில் ஒருத்தனும் அசரவில்லை, எந்த வீட்டில் இல்லை அப்படி ஒரு சித்தி. ரெண்டு நிலா இருந்த கிரகத்தில் மூன்றாவதாக ஒன்று முளைத்தபோது யாரோ ஒரு சிப்பாயின் முதுகு சொன்னது, அது நிலா இல்லை, நம்ம காவல் கப்பல் என்று. கேப்டனின் இடது கண் தழும்பு வலது கண்ணுக்கு மாறினதற்கு மட்டும் முதுகு கிடைக்கவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார். இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், அறுபத்து நாலு முரண்பாடாம், அதில் பத்தொன்பது தமிழில் பார்த்தால் இல்லையாம். பெனிட்டா அதைச் செல்போனில் காட்டி, சார் நீங்க அந்த டைரக்டரையே காப்பாத்தியிருக்கீங்க என்று சிரித்தாள். வேதமூர்த்தியும் சிரித்துவைத்தார். அறுபத்தைந்தாவது ஒன்று இருக்கிறது பாப்பா. அது உன் பட்டியலில் வராது. அது பதினோரு மணிக்கு ஓசூரிலிருந்து வருகிறது.

பத்து இருபத்தைந்து. ஓசூர் பஸ் கோயம்பேட்டுக்கு எத்தனை மணிக்கு வரும். விடியக்காலமே வந்திருக்கும். வந்து எங்கே குளித்திருப்பான், எங்கே சாப்பிட்டிருப்பான். பட்டினியாகப் பேச மாட்டான், வயிறு காலியாக இருந்தால் குரல் தொண்டையிலிருந்து வரும், வயிற்றிலிருந்து வராது என்பான். என்ன நினைப்பு இது. செத்தவன் சாப்பிட்டானா என்று கவலைப்படுகிற தம்பி. பெனிட்டாவின் தாளில் போட்டிருக்கிற பெயர் ராமநாதன். நேற்று சாயங்காலம் அவள் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, சார் இந்த வாய்ஸைக் கேளுங்க, ஓசூர்ல ஒரு ஏஜென்சி மூலமா வந்துது, அப்படியே பழைய ருத்ரனுக்குப் பேசின உங்க அண்ணன் மாதிரியே இல்ல, எனக்குப் புல்லரிச்சிடுச்சு சார் என்று போட்டுக் காட்டினாள். ராமநாதன் என்பது இவர்கள் அப்பாவின் பெயர். அவள் போட்டதில் முதல் வார்த்தைக்கு முன்னால் லேசாக ஒரு செருமல் வந்தது பாருங்கள், அந்தச் செருமலிலேயே வேதமூர்த்திக்கு உள்ளங்கால் சில்லிட்டுப்போனது. உலகத்தில் வேறு எவனுக்கும் அந்தச் செருமல் கிடையாது. எப்படி சார் இருக்கு என்று அவள் கேட்டபோது இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? கொஞ்சம் மூக்குல பேசுறாரும்மா என்றது. பன்னிரண்டு வருஷம் கழித்துக் கூடப்பிறந்தவன் குரலைக் கேட்டதும் இந்த வாயிலிருந்து வந்தது அதுதான். இந்த வாயை என்ன செய்தால் தகும்.

இதே வாய்தான் அன்றைக்கும். ஐந்தாம் பாகம் வந்த சமயம். கம்பெனி மேனேஜர் சேதுராமன், தங்கமான மனுஷர், வேதமூர்த்தியைக் கூப்பிட்டு, "யோவ், இந்தத் தடவை வில்லன் குரலுக்கு உங்க அண்ணன் கதிரேசனைத்தான் போடறோம், எங்கய்யா இருக்காரு அவரு, நம்பரே மாத்திட்டாரு, கூட்டிட்டு வாய்யா" என்றார். அதற்குள் அண்ணன் சென்னையே வேண்டாம் என்று ஓசூர்ப் பக்கம் போய்விட்டிருந்தான். நம்பர் இவரிடம் இருந்தது, சட்டைப் பையில் இருந்தது. இந்த வாய் திறந்து, "அண்ணன் தவறிட்டாரு சார், போன மாசம்" என்றது. சும்மா, டீ வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திருப்பி வாங்க ஒரு நிமிஷம் இருந்தது, அந்த ஒரு நிமிஷத்தில் சேதுராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவரிடம் போய், இல்லை சார், உயிரோடுதான் இருக்கான், எனக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல், அதனால் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது. ரெக்கார்டிங்கை நிறுத்தி, யாரும் உள்ளே வராதபடி வெளியே சிவப்பு லைட் எரிய, பதினான்கு பேர் எழுந்து ஒரு நிமிஷம் நின்றார்கள். வேதமூர்த்தியும் நின்றார். தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தமிழ்ப் பிரதிக்கு முன்னால் ஒரு அஞ்சலி கார்டு போட வேண்டும் என்று சேதுராமன் ஒற்றைக்காலில் நின்றார். டைட்டில் கார்டு எழுதுகிறவன் யார்? வசனம் எழுதுகிறவன்தான் டைட்டில் கார்டும் எழுத வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். 'தன் குரலால் தளபதி ருத்ரனுக்கு உயிர் தந்து, நம்மை விட்டுப் பிரிந்த கதிரேசன் அவர்களுக்கு.' ரெண்டு தடவை அடித்து எழுதினார். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தார். அதுதான் அசிங்கம், நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தார்.

படம் வந்த மறுநாள் அண்ணியிடமிருந்து போன். "தம்பி, நல்லா இருக்கீங்களா? நேத்து நாங்க படத்துக்குப் போயிருந்தோம். பாப்பாதான் முதல்ல படிச்சா. ரெண்டாங்கிளாஸ் இல்லையா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. அப்பா பேரு போடுறாங்கன்னு கை தட்டினா. வேற ஒண்ணுமில்ல தம்பி, வச்சிடறேன்." ஒரு வசவு இல்லை, சாபம் இல்லை. பின்னால் அண்ணன் குரல் கேட்கிறதா என்று இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், மிக்ஸி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரு சத்தமும் இல்லை. இவர் மனைவி மரகதம் மட்டும் அன்று ராத்திரி சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "உசிரோட இருக்கிற மனுஷனைச் சாவடிச்சிட்டு எப்பிடிங்க உங்களுக்குச் சோறு இறங்குது?" என்று கேட்டாள். இறங்கிற்று. அதையும் சொல்லத்தானே வேண்டும், ரசத்துக்கு ரெண்டாம் தடவை சோறு கேட்டார். அண்ணன் ஏன் வந்து கேட்கவில்லை? நேராக ஸ்டூடியோவுக்கு வந்து, எல்லார் முன்னாலும், டேய் மூர்த்தி என்று சட்டையைப் பிடித்து ரெண்டு அறை விட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். இவர் எத்தனை தடவை அந்த அறையை மனசுக்குள் வாங்கியிருக்கிறார். இடது கன்னம், அப்புறம் வலது கன்னம். அந்தத் தழும்புதான் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

எல்லாம் ஒரு வரிக்காக. இரண்டாம் பாகத்தில் கப்பல் சூரியனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, ருத்ரன் மற்றவர்களைத் தப்பவிட்டுத் தான் மட்டும் தங்குகிறான், கேப்டன் வாசலில் நின்று அழுகிறாள், அவன் திரும்பிப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்கிறான்: "கதவைச் சாத்திட்டுப் போ. காத்து வீணாகுது." அவ்வளவுதான். தியேட்டர் ரெண்டாகிப் போச்சு. அந்த வருஷம் ஆட்டோ பின்னால் அதுதான், கல்லூரி வாசலில் அதுதான், பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் போகிறவன்கூட அதைத்தான் சொன்னான். இங்கிலீஷில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது, வெறும் இரைச்சல். அந்த வரி வேதமூர்த்தி எழுதினது. தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். கேபிள் டிவியில் அண்ணன் பேட்டி என்றதும் பக்கத்து வீட்டு ஜெயமணி அக்காவைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். பேட்டி எடுத்த பெண் கேட்டாள், அந்த வசனம் யார் சார் எழுதினது? அண்ணன் சிரித்துக்கொண்டே, "அது யாரும் எழுதலைம்மா. மைக் முன்னாடி நின்னப்ப சும்மா வாயில வந்துச்சு" என்றான். ஜெயமணி அக்கா மெதுவாகத் திரும்பி வேதமூர்த்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் அண்ணன் செத்தான்.

ஆனால் எழுதினாரே. எழுதினது ஞாபகம் இருக்கிறதே. கடைத்தெரு டீக்கடை பெஞ்சு, மழை பெய்துகொண்டிருக்கிறது, தாளில் சாரல் விழாமல் குனிந்து மறைத்துக்கொண்டு, நீல மையில், கதவைச் சாத்திட்டுப் போ. எத்தனை தெளிவாக இருக்கிறது. மழை. இரண்டாம் பாகம் ரெக்கார்டிங் நடந்தது மே மாசம். அக்கினி நட்சத்திரம், ஏசி ரிப்பேர், அண்ணன் பனியனோடு நின்றுதான் பேசினான். மே மாசத்தில் ஏது மழை. நீல மை ஏது, இவர் என்றைக்கு நீல மை தொட்டார், வசனத் தாள் என்றால் கறுப்பு மைதான், ஜெராக்ஸில் நீலம் விழாது. இவ்வளவு வருஷமாக அந்த மழையில் நனைந்துகொண்டிருந்தவருக்கு, இதோ இந்தச் சோபாவில், பத்து நாற்பதுக்கு, மழை நின்றுபோனது. சரி, டீக்கடை இல்லை, வீட்டில் எழுதியிருப்பேன், கரண்ட் போயிருந்தது, மெழுகுவர்த்தி, அதுவும் ஞாபகம் இருக்கிறது. ரெண்டு இடத்தில் ஒரே வரியை எழுத முடியுமா ஐயா? அம்மாவை ரெண்டு தடவை புதைக்கிற மாதிரி? மற்றவன் எடுத்த படத்தில் பத்தொன்பது தப்பைக் கண்டுபிடித்து அடைக்கத் தெரிந்தவருக்கு இது ஒன்று கண்ணில் படவில்லை. காத்து வீணாகுது. டப்பிங்குக்கு வருமுன் அண்ணன் எட்டு வருஷம் காசிமேட்டில் மீன் வைக்கிற குளிர்க் கிடங்கில் வேலை பார்த்தான். மேஸ்திரி நாள் பூராவும் அதைத்தான் கத்துவாராம், கதவைச் சாத்திட்டுப் போங்கடா, குளிரு வீணாகுது. ராத்திரி வீட்டுக்கு வந்து மேஸ்திரி மாதிரியே பேசிக் காட்டுவான், அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். வேதமூர்த்தி அந்தக் கிடங்கு வாசலைக்கூட மிதித்ததில்லை, மீன் கவிச்சி ஆகாது என்று. அன்றைக்கு மே மாசம், வியர்வை ஒழுகுகிற அறையில், அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "டேய் மூர்த்தி, இந்த இடம் காலியா இருக்கேடா" என்றான். "ஒண்ணும் தோணலைண்ணே, முதுகுதானே, ஏதாவது பேசு" என்றார் இவர். பேசினான். அவ்வளவுதான் நடந்தது. மழையும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை.

பத்து ஐம்பத்தைந்து. கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் தாளைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். உள்ளே வந்ததும் சொல்லிவிடுவான். நான்தான் கதிரேசன் என்பான், இந்தப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கும், ஒரு மணி நேரத்தில் ஊர் பூராவும் சிரிக்கும், இந்த வேலையும் போகும், போகட்டும். அடிக்கட்டும். அடித்தால் அண்ணன் என்றுதானே அர்த்தம். முன்னால் பெனிட்டா வந்தாள், பின்னால் அண்ணன் வந்தான். தலை முழுக்க வெள்ளை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கையில் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். "ராமநாதன் சார், இவர்தான் எங்க ரைட்டர் வேதமூர்த்தி சார்" என்றாள் அவள். அண்ணன் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். "வணக்கங்க." வேதமூர்த்திக்குக் கை தூக்க வரவில்லை. "பழைய ருத்ரன் குரல் இவரோட அண்ணன்தான் சார், பாவம், தவறிட்டார்" என்றாள் பெனிட்டா. "கேள்விப்பட்டேம்மா, படத்துல போட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் இவர் முகத்தைப் பார்த்தான். "நல்லா எழுதியிருந்தாங்க." அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்க குரல் அச்சு அசல் அவர் குரல் சார். உங்க வீட்டுல அண்ணன் தம்பி யாராவது இந்த லைன்ல இருக்காங்களா?" அண்ணன் லேசாகச் செருமிக்கொண்டான். "இல்லம்மா. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாது."

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிஸ்ட்டோடு உட்காரப் போய்விட்டாள். அண்ணன் உள் அறைக்குள் போய் மைக் முன்னால் நின்று, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தாளைக் கேட்டுக் கையை நீட்டினான். வேதமூர்த்தி கொடுத்தார், கொடுத்துவிட்டுப் போகாமல் கனத்த கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அண்ணன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மேலிருந்து கீழே படித்தான். நடுவில் விரலை வைத்தான். "இந்த இடம் காலியா இருக்குங்களே." அந்த 'ங்க' காதில் விழுந்ததும் இவர் கதவை விடாமலே ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தார். "அண்ணே" என்றார், மைக்குக்கு எட்டாமல், உதடு மட்டும் அசைய. "அன்னைக்கும் காலியாத்தான் இருந்துச்சுண்ணே. நான் எழுதலை. நீதான்." பன்னிரண்டு வருஷமாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் இருந்தது. அண்ணன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கை ஓங்குவான் என்று இவர் கன்னத்தைக்கூடக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனார். அண்ணன் ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டு, தாளை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மைக்கைப் பார்க்கத் திரும்பினான்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றான். "காத்து வீணாகுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெனிட்டா குதித்துக் கை தட்டினாள். வேதமூர்த்தி கதவைச் சாத்தினார், சிவப்பு லைட் எரிந்தது. கன்ட்ரோல் ரூமுக்குள் அவர் நுழைந்தபோது அவள் கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "சார், கேட்டீங்களா? அப்படியே கதிரேசன் சார்! இதையே அந்த ஏழு செகண்டுக்கு வச்சிடலாம் சார், முதுகுதானே" என்று சொல்லித் தன்னிடமிருந்த பிரதியையும் பேனாவையும் இவர் பக்கம் தள்ளினாள். நீல மைப் பேனா. வேதமூர்த்தி குனிந்து அந்த வெள்ளையில் எழுதினார், கதவைச் சாத்திட்டுப் போங்க, காத்து வீணாகுது. அந்த வசனத்தை அவர் தன் கையால் எழுதினது அதுதான் முதல் தடவை.